காலை 6.30க்கு எழணும்... தனியா எங்கேயும் போகக்கூடாது! 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும் மார்மன் மிஷனரிகளின் 2 ஆண்டு வாழ்க்கை எப்படி இருக்கும்?

வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்பு நிறப் பெயர்ப் பட்டை, தோளில் ஒரு பை. மீசைகூட சரியாக முளைக்காத இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்து இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் காலிங் பெல்லை அழுத்துகிறார்கள். கதவு திறந்தால் சிரித்த முகத்தோடு ஒரு வணக்கம். "வேண்டாம்ப்பா" என்று கதவு சாத்தப்பட்டால், அதே சிரிப்போடு அடுத்த வீடு.

அமெரிக்கா, பிரேசில், பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்க நாடுகள் என உலகின் பல ஊர்களில் தினமும் நடக்கும் காட்சி இது. இந்த இளைஞர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அல்ல. காலேஜ், வேலை, காதல், சினிமா என எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கைக்காசைப் போட்டு வந்தவர்கள். இவர்கள்தான் மார்மன் மிஷனரிகள்.

யார் இவர்கள்? ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? அந்த இரண்டு வருடம் அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, என்ன விலை கேட்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மார்மன்கள் என்பவர்கள் யார்?

1830ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய கிறிஸ்தவத் திருச்சபையைச் சேர்ந்தவர்களே மார்மன்கள் என்று அழைக்கப்படுகிறார்கள். பைபிளுடன் 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் இவர்கள் வேதமாக ஏற்றுக்கொள்வதால் இந்தப் பெயர் வந்தது.

ஆனால் சபையின் அதிகாரபூர்வப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதுதான். 'மார்மன்' என்ற பட்டப்பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். இருந்தாலும் உலகம் முழுவதும் பழைய பெயர்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டிதான் இதன் தலைமையகம். உலகம் முழுவதும் 1.7 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருப்பதாக சபை சொல்கிறது. டீ, காபி, மது, புகையிலை எதுவும் தொடக்கூடாது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்க வேண்டும் என்பவை இவர்களின் முக்கிய நெறிகள்.

யார் மிஷனரியாகப் போகலாம்?

சபை தொடங்கிய அதே 1830இல் ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல் ஸ்மித், மூட்டையில் மார்மன் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அவரைத்தான் முதல் மிஷனரியாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கல்யாணமாகி குழந்தை குட்டி உள்ள ஆண்கள்கூட குடும்பத்தை விட்டுவிட்டு வருடக்கணக்கில் போனார்கள். இன்று பெரும்பாலும் இளைஞர்கள்தான்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் என்பது சேவைக் காலம். ஆண்களை 'எல்டர்' என்றும் பெண்களை 'சிஸ்டர்' என்றும் குடும்பப் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். 'எல்டர்' என்றால் மூத்தவர். பத்தொன்பது வயதுப் பையனை 'மூத்தவரே' என்று கூப்பிடுவது வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வருடமும் சொந்தப் பெயரைக் கேட்பதே அரிது.

2012 அக்டோபரில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 19இல் இருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21இல் இருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. அப்போது 60 ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த மிஷனரிகளின் எண்ணிக்கை, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 80 ஆயிரத்தைத் தாண்டியது. முக்கியமாக, இளம்பெண்கள் ஏராளமாகக் கிளம்பினார்கள்.

மிஷனுக்குப் போவது கட்டாயமா? சட்டப்படி பார்த்தால் இல்லை. ஆனால் தகுதியுள்ள ஒவ்வொரு இளைஞனும் போக வேண்டும் என்பதைச் சபை கடமையாகவே சொல்கிறது. பெண்களுக்கு அது விருப்பம். உடல்நிலை, மனநிலை காரணமாகப் போக முடியாதவர்கள், வீட்டில் இருந்தபடியே சமூகப் பணி செய்யும் 'சர்வீஸ் மிஷன்' வாய்ப்பும் உண்டு.

எந்த நாடு என்று யார் முடிவு செய்வது?

இதுதான் சுவாரசியமான விஷயம். "நான் பாரிஸ் போறேன்", "எனக்கு ஜப்பான் வேணும்" என்றெல்லாம் கேட்க முடியாது. உள்ளூர் சபைத் தலைவர்களிடம் நேர்காணல், உடல் பரிசோதனை, பல் பரிசோதனை எல்லாம் முடித்து விண்ணப்பம் போட வேண்டும். தொந்தரவு தரக்கூடிய ஞானப்பல் இருந்தால் முன்கூட்டியே பிடுங்கிக்கொள்ளச் சொல்வதும் வழக்கம். வெளியூரில் போய் பல்வலியில் தவிக்கக் கூடாதே!

யாரை எங்கே அனுப்புவது என்பதைத் தலைமையகத்தில் 'அப்போஸ்தலர்கள்' எனப்படும் மூத்த தலைவர்கள் ஜெபம் செய்து முடிவெடுப்பதாகச் சபை சொல்கிறது. முன்பெல்லாம் தடிமனான ஒரு கவர் தபாலில் வரும். சொந்தபந்தம், நண்பர்கள் எல்லோரையும் வீட்டில் கூட்டி வைத்து அதைப் பிரித்துப் படிப்பது ஒரு திருவிழா போல நடக்கும். 2018 முதல் அழைப்புக் கடிதம் ஆன்லைனிலேயே வர ஆரம்பித்துவிட்டது. கூட்டம் கூட்டிப் படிக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

பக்கத்து மாகாணமாகவும் இருக்கலாம், பெயரே கேள்விப்படாத நாடாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் போக வேண்டியதுதான்.

பயிற்சியில் என்ன சொல்லித்தருவார்கள்?

யூட்டாவின் ப்ரோவோ நகரில் இருப்பதுதான் மிகப் பெரிய பயிற்சி மையம். இன்னும் சில நாடுகளிலும் மையங்கள் உள்ளன. தெரிந்த மொழியிலேயே சேவை என்றால் சில வாரங்கள்தான் பயிற்சி. புது மொழி கற்க வேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு மாதம் வரை நீளும். 50க்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத்தரப்படுகின்றன. கொரோனா காலத்துக்குப் பிறகு பயிற்சியின் முதல் பகுதியை வீட்டில் இருந்தே ஆன்லைனில் படிக்கிறார்கள்.

இலக்கணத்தை முழுசாக முடித்துவிட்டுப் பேசுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. முதல் சில நாட்களிலேயே, தட்டுத்தடுமாறி, புது மொழியில் ஜெபம் செய்ய வேண்டும், பாடம் நடத்த வேண்டும். தப்பாகப் பேசித்தான் சரியாகப் பேசக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே முறை.

முன்பு ஒரே மாதிரியான பாடங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியிருந்தது. 2004இல் 'ப்ரீச் மை காஸ்பல்' என்ற கையேடு வந்த பிறகு, எதிரில் இருப்பவருக்கு ஏற்றபடி சொந்த வார்த்தைகளில் பேசச் சொல்கிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். 2017க்குப் பிறகு நேரத்தில் நெகிழ்வும் கொடுக்கப்பட்டது. ஆனாலும் பல தலைமுறை மிஷனரிகளுக்கு மனப்பாடமான கால அட்டவணை இதுதான்:

• காலை 6.30 – எழுந்திருத்தல், ஜெபம், அரை மணி நேரம் உடற்பயிற்சி

• 7.00 முதல் – குளியல், காலை உணவு

• 8.00 – தனியாக வேதப் படிப்பு

• 9.00 – ஜோடியாக உட்கார்ந்து படிப்பு, அன்றைய திட்டம்; புது நாட்டில் இருந்தால் கூடுதலாக மொழிப் பயிற்சி

• 10.00 முதல் – வெளியே கிளம்புதல்: வீடு வீடாகச் செல்வது, தெருவில் பேசுவது, பாடம் நடத்துவது

• இரவு 9 மணி வாக்கில் – அறைக்குத் திரும்புதல், மறுநாள் திட்டம்

• 10.30 – விளக்கை அணைத்துப் படுக்கை

வாரத்தில் ஒரு நாள் மட்டும் 'பி-டே'. அதாவது தயாரிப்பு நாள். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடிவெட்டிக்கொள்வது, வீட்டுக்கு மெயில் போடுவது, ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அன்றைக்குத்தான். அதுவும் மாலை வரைதான். சாயங்காலம் ஆனால் மறுபடியும் டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

வீட்டில் அம்மா துவைத்துப் போட்ட சட்டையையே போட்டுப் பழகிய பலர், வாழ்க்கையில் முதன்முறையாகச் சோறு பொங்குவதும், மாதச் செலவுக்குக் கொடுத்த பணத்தை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிப்பதும் இங்கேதான்.

ஏன் எப்போதும் இரண்டு பேர்?

மிஷனரிகளுக்கான விதிகளில் ரொம்ப கறாரானது இது. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஜோடியாகவே இருக்க வேண்டும். ஒருவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், குரல் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். பாத்ரூம் போகும் நேரம் தவிர தனிமை என்பதே கிடையாது.

பாதுகாப்பு ஒரு காரணம். ஒருவர் தடுமாறினால் இன்னொருவர் தாங்குவார் என்பது இன்னொரு காரணம். வேறு மாதிரி சொன்னால், ஒருவரை ஒருவர் கண்காணிப்பதும் இதில் அடக்கம்.

ஜோடியைத் தேர்வு செய்யும் உரிமை மிஷனரிக்கு இல்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான 'மிஷன் பிரசிடென்ட்'தான் முடிவு செய்வார். பொதுவாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை 'டிரான்ஸ்ஃபர்' அறிவிப்பு வரும். ஊர் மாறலாம், ஜோடி மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம்.

விடியவிடிய குறட்டை விடுபவர், பாத்திரம் கழுவாதவர், எதற்கெடுத்தாலும் விதி பேசுபவர், விதியையே மதிக்காதவர்... யாராக இருந்தாலும் அந்த ஆறு வாரமும் ஒரே அறை, ஒரே சாப்பாடு, ஒரே தெரு. கோபித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய்விட முடியாது. சண்டை போட்டாலும் பத்து நிமிடத்தில் இருவரும் சேர்ந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும்.

திரும்பி வந்தவர்கள் பலரும், "கதவு தட்டியதைவிடக் கஷ்டமானது ஜோடியோடு ஒத்துப்போனதுதான். கல்யாண வாழ்க்கைக்கு அதுதான் பயிற்சி" என்று சொல்வதுண்டு.

என்னவெல்லாம் செய்யக்கூடாது?

பட்டியல் கொஞ்சம் நீளம்தான்.

• டேட்டிங், காதல் கிடையாது. எதிர் பாலினத்தவரிடம் கைகுலுக்கலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

• சினிமா, டிவி, வீடியோ கேம் கிடையாது. பாட்டு கேட்பதிலும் கட்டுப்பாடு உண்டு.

• நீச்சல் கூடாது. கடற்கரை ஊரில் இரண்டு வருடம் இருந்தாலும் தண்ணீரில் இறங்கக்கூடாது.

• ஒதுக்கப்பட்ட பகுதியைத் தாண்டி அனுமதியில்லாமல் போகக்கூடாது.

• ஆண்கள் தாடி வைக்கக்கூடாது.

டீ, காபி விஷயத்தில்தான் பல நாடுகளில் தர்மசங்கடம். வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்து, ஆசையாக ஒரு கப் நீட்டும்போது, அவர்கள் மனம் நோகாமல் எப்படி மறுப்பது? "தண்ணி போதும்மா" என்று சொல்லிச் சமாளிப்பதே ஒரு கலை.

காலத்துக்கேற்ப சில விதிகள் தளர்ந்திருக்கின்றன. 2018 டிசம்பரில் பெண் மிஷனரிகள் பேன்ட் அணிய அனுமதிக்கப்பட்டது. 2020இல் ஆண்கள் நீல நிறச் சட்டையும் போடலாம் என்று வந்தது. முன்பு போனே கிடையாது. இப்போது சபையின் கட்டுப்பாடுகள் கொண்ட ஸ்மார்ட்போன் கையில் இருக்கிறது.

வீட்டுக்குப் போன் பேச முடியுமா?

2019 பிப்ரவரி வரை வருடத்துக்கு இரண்டே இரண்டு முறைதான். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மற்றபடி வாரம் ஒரு மெயில். அதற்கும் முந்தைய தலைமுறைக்குக் கடிதம் மட்டுமே. தாத்தா இறந்தாலும், அக்காவுக்குக் கல்யாணம் ஆனாலும் பெரும்பாலும் வீட்டுக்குப் போவதில்லை. 'காத்திருப்பேன்' என்று சொன்ன காதலி, வேறொருவரை மணக்கப்போவதாக எழுதிய கடிதம் வந்து சேர்வது மிஷனரிகளிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் சோகக் கதை.

2019 பிப்ரவரியில் சபை இதை மாற்றியது. இப்போது வாரந்தோறும் பி-டேயில் குடும்பத்துடன் பேசலாம், வீடியோ கால் செய்யலாம். பெற்றோருக்கு நிம்மதி. "குரலைக் கேட்டால் வீட்டு ஞாபகம் அதிகமாகும்" என்று கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள்.

செலவை யார் பார்ப்பது?

சம்பளம் ஒரு பைசா கிடையாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இருந்து போகும் இளைஞர்கள் மாதம் 400 டாலர் கட்டி வந்தார்கள். 2020 ஜூலையில் இருந்து அது 500 டாலர் ஆனது. இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 12 ஆயிரம் டாலர். பலர் சின்ன வயதில் இருந்தே புல் வெட்டியும், பகுதிநேர வேலை பார்த்தும் இதற்காகச் சேர்த்து வைக்கிறார்கள். மீதியைப் பெற்றோரோ உள்ளூர் சபையினரோ போடுவார்கள்.

டோக்கியோ போனாலும் சரி, பொலிவியா போனாலும் சரி, இந்தத் தொகை ஒன்றுதான். 1990களுக்கு முன் அப்படி இல்லை. எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊர் விலைவாசிக்கு ஏற்பக் கட்ட வேண்டியிருந்தது. செலவு அதிகமான நாட்டுக்கு அழைப்பு வந்தால் குடும்பத்துக்குத் திண்டாட்டம்தான். அதைச் சமன்செய்யவே ஒரே தொகை கொண்டுவரப்பட்டது.

ஆபத்துகள் இல்லையா?

இருக்கின்றன. நாய்க்கடி, சைக்கிள் விபத்து, வழிப்பறி எல்லாம் உண்டு. 2016 மார்ச்சில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் நடந்த குண்டுவெடிப்பில் மார்மன் மிஷனரிகளும் காயமடைந்தனர். அதே ஆண்டு ரஷ்யாவில் மதப் பிரசாரத்துக்குக் கடும் கட்டுப்பாடுகள் விதிக்கும் சட்டம் வந்ததால், அங்கே இருந்தவர்களை 'தன்னார்வலர்கள்' என்று மாற்றி அழைத்து, வேலை முறையையே சபை மாற்றிக்கொண்டது.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, பல்லாயிரக்கணக்கான மிஷனரிகள் சில வாரங்களுக்குள் சொந்த நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பெட்டியைக்கூட சரியாகக் கட்ட நேரமில்லை. ஊர் திரும்பியவர்கள் வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். இருந்தவர்கள் அறைக்குள் அடைபட்டு ஃபேஸ்புக்கிலும் வீடியோ காலிலும் பாடம் நடத்தினார்கள்.

கதவு சாத்தப்படும்போது மனசு என்ன ஆகும்?

உடல் ஆபத்தைவிட அதிகம் பேசப்படாத பிரச்னை இது. நாள் முழுக்க நடந்து, ஒருவர்கூட உள்ளே கூப்பிடாத நாட்கள் சாதாரணம். ஐரோப்பா போன்ற இடங்களில், இரண்டு வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர்கூட இல்லாமல் திரும்புபவர்களும் உண்டு. 'என் விசுவாசம் போதவில்லையோ' என்று தன்னையே நொந்துகொள்ளும் இளைஞர்களுக்கு வயது பத்தொன்பதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த மன அழுத்தம் உண்மையானது என்பதைச் சபையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'அட்ஜஸ்டிங் டு மிஷனரி லைஃப்' என்ற கையேட்டில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களாகப் பிரித்து, எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும், எப்போது உதவி கேட்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறார்கள்.

பாதியில் திரும்பி வந்தால்?

இங்கேதான் பெரிய வலி. முழுக் காலத்தையும் முடித்து வந்தால், விமான நிலையத்தில் பேனர், பலூன், கட்டிப்பிடிப்பு. நோயாலோ, மனச்சோர்வாலோ, விதியை மீறியதாலோ ஐந்தே மாதத்தில் திரும்பினால்? அதே விமான நிலையம், ஆனால் பேனர் இருக்காது. தெருவில் பார்ப்பவர்கள், "என்ன, சீக்கிரம் வந்துட்ட?" என்று கேட்கும் ஒரு கேள்வி போதும், ஆளை உடைக்க.

மார்மன்கள் நெருக்கமாக வாழும் யூட்டா போன்ற இடங்களில் மிஷனை முடித்தவர் என்பது கல்யாணச் சந்தையில்கூட ஒரு தகுதி. அதனால் பாதியில் வந்தவர்கள் தோல்வியுணர்வோடும் அவமானத்தோடும் போராடுவதைச் சமூகப் பணித் துறை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் சபைத் தலைவர்களே, "அவர்களை மரியாதையோடு வரவேற்க வேண்டும்" என்று மேடைகளில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த வாழ்க்கை கற்றுக்கொடுத்தது என்ன?

முதல் பாடம், நிராகரிப்பைத் தாங்குவது. அமெரிக்க அதிபர் தேர்தலில் 2012இல் ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட மிட் ராம்னி, 1966 முதல் 1968 வரை பிரான்ஸில் மிஷனரியாக இருந்தவர். ஒயினைத் தண்ணீர் மாதிரி குடிக்கும் நாட்டில், மதுவே கூடாது என்று சொல்லும் மதத்தைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? சாத்தப்பட்ட கதவுகள்தான் அதிகம்.

1968 ஜூனில் அவர் ஓட்டிச் சென்ற கார் மீது எதிரே வந்த கார் மோதியது. உடன் பயணித்த மிஷன் தலைவரின் மனைவி உயிரிழந்தார். ராம்னி இறந்துவிட்டதாகவே சம்பவ இடத்தில் முதலில் நினைத்தார்கள். பிழைத்து எழுந்தவர், மிச்சக் காலத்தையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 21.

இரண்டாவது, மொழி. தைவானில் மிஷனரியாக இருந்து மாண்டரின் கற்ற ஜான் ஹன்ட்ஸ்மேன், பின்னாளில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதர் ஆனார். புகழ்பெற்ற ஃபேன்டசி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனும், ஹார்வர்டு மேலாண்மைப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் தென்கொரியாவில் மிஷனரியாக இருந்தவர்கள்தான்.

மூன்றாவது, விற்பனைத் திறமை. முன்பின் தெரியாதவரிடம் முப்பது நொடியில் பேச்சைத் தொடங்கும் பழக்கம் கைவந்துவிடுவதால், வீடு வீடாகப் போய் சோலார் பேனல், பூச்சிக் கட்டுப்பாட்டுச் சேவை விற்கும் நிறுவனங்கள் யூட்டாவில் இவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுக்கின்றன.

இந்தியாவுக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு?

பலருக்கும் தெரியாத விஷயம்: 1850களிலேயே மார்மன் மிஷனரிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். 1851இல் கல்கத்தாவில் தொடங்கிய பணி, 1853இல் மதராஸ் வரை வந்தது. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மிஷனரி மதராஸில் தங்கி ஒரு பத்திரிகைகூட நடத்தினார். ஆனால் மாறியவர்கள் மிகச் சிலரே. சில ஆண்டுகளில் எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள்.

அதன் பிறகு நூறு ஆண்டுக்கும் மேல் இடைவெளி. 1993இல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு இந்தியாவுக்கான மிஷன் தொடங்கப்பட்டது. அங்கேயே இந்தியாவின் முதல் மார்மன் ஆலயம் கட்டப்படும் என 2018இல் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் பணிகள் தொடங்கின.

விமர்சனங்கள் என்ன?

18 வயதில், சொந்தமாக உலகத்தைப் பார்க்கும் முன்பே, விதிகளுக்குள் அடைத்து ஒரே சிந்தனையில் ஊறவைக்கிறார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. கேட்டுக்கொள்ளாமலே வீட்டு வாசலில் வந்து நின்று மதம் பேசுவது தொந்தரவு என்பவர்களும் உண்டு. பிற கலாசாரங்களை மதிக்கத் தெரியாத வயதில், அவற்றை மாற்ற வந்து நிற்கிறார்கள் என்பது இன்னொரு விமர்சனம். 2011இல் பிராட்வேயில் அரங்கேறி 9 டோனி விருதுகளை வென்ற 'தி புக் ஆஃப் மார்மன்' இசை நாடகம், ஆப்பிரிக்காவுக்குப் போகும் இரண்டு மிஷனரிகளை வைத்து இதைத்தான் கிண்டலடித்தது.

சபையின் பதில் வேறு. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, சொல்வதைச் சொல்கிறோம், ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம் என்கிறார்கள்.

மதத்தைப் பற்றி எந்தக் கருத்து இருந்தாலும், கதவைத் திறப்பவர் எதிரே நிற்பது ஒரு மதம் மட்டும் அல்ல. வீட்டு ஞாபகத்தில் இருக்கும், முந்தைய நாள் சரியாகச் சாப்பிடாத ஒரு பத்தொன்பது வயதுப் பையனும்தான். "வேண்டாம்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. அதை எப்படிச் சொன்னார்கள் என்பதை மட்டும், திரும்பிப் போன பிறகும் அந்தப் பையன்கள் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.